பொருளாதாரத்தில் மாஸ்டர்ஸ்: பாயான் லெப்பாஸிலிருந்து கேட்ட தம்பிக்கு

பினாங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பொருளாதாரத்தில் இளங்கலை முடித்தவர், சிஜிபிஏ 3.18. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில், கொள்முதல் பிரிவில் இரண்டு வருடமாக வேலை. பொருளாதாரத்திலேயே மாஸ்டர்ஸ் செய்ய ஆசை. வீட்டில், "படிக்கிறதுன்னா எம்பிஏ படி, இல்லைன்னா இருக்கிற வேலையைப் பார்" என்கிறார்களாம். இந்தப் படிப்பால் என்ன பயன், எங்கே படிப்பது, பாடவழியா ஆய்வுவழியா, பணத்துக்கு என்ன வழி என்று கேட்கிறார்.

நான் கோலாலம்பூரில் இதே படிப்பை முடித்துவிட்டு, பத்து வருடத்துக்கும் மேலாக ஆய்வு வேலையில் இருப்பவள். தம்பி கேட்ட வரிசையில் பதில் சொல்ல முடியவில்லை. எங்கே படிப்பது என்ற கேள்விக்குப் பதில், எதைத் தெரிந்துகொள்ளப் படிக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

வீட்டில் எம்பிஏ என்று சொல்வதில் தப்பில்லை. ஒரு நிறுவனத்துக்குள் மேலே போக நினைப்பவருக்கு அது உதவும். பொருளாதார மாஸ்டர்ஸ் வேறு மாதிரி. ஒரு விஷயம் ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்வி மனத்தில் உறுத்திக்கொண்டே இருப்பவருக்கான படிப்பு அது. எனக்கு அப்படி உறுத்திய ஒன்றைச் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி மலேசியாவில் வறுமை 0.4 விழுக்காடு. அதாவது ஆயிரம் குடும்பத்தில் நான்கு. கோலாலம்பூரின் ஏழைப் பகுதியான சௌகிட் பக்கம் ஒரு நாள் நடந்தவர்கள்கூட இதை நம்பமாட்டார்கள். 2019 ஆகஸ்டில் ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து பார்த்துவிட்டு, இந்த எண் நடப்பைக் காட்டவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அரசு மறுத்தது. ஆனால் 2020 ஜூலையில் வறுமைக்கோடு மாறியது. குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்றிருந்தது, 2,208 ரிங்கிட் ஆனது. பழைய கோடு 2005இல் வகுத்த முறைப்படி போட்டது. புதிய முறை, வயிற்றை நிரப்பும் சாப்பாட்டை மட்டும் பார்க்காமல் சத்தான சாப்பாட்டுக்கு என்ன செலவாகும் என்று பார்த்தது. உணவல்லாத தேவைகளின் தரத்தையும் சேர்த்துக்கொண்டது. அந்தக் கோட்டின்படி 2019இன் வறுமை 5.6 விழுக்காடு, நான்கு லட்சத்துச் சொச்சம் குடும்பங்கள். 2016ஐயும் அதே கோட்டில் திரும்பக் கணக்கிட்டார்கள். 7.6 விழுக்காடு வந்தது.

அந்த மக்களின் சம்பளத்தில் ஒரு காசு கூடவில்லை, குறையவில்லை. அளவுகோல் மாறியதும் இத்தனை லட்சம் பேர் கணக்குக்குள் வந்தார்கள். உதவி யாருக்குப் போகும், யாருக்குப் போகாது என்பதெல்லாம் அந்த ஒரு கோட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எங்கே போடுவது என்று வாதாடத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று நான் யோசித்தது அப்போதுதான். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1968 முதல் 1988 வரை துணைவேந்தராக இருந்த உங்கு அசிஸ், ஒரு வீட்டில் ஆளுக்கு எத்தனை சாரோங் இருக்கிறது என்று எண்ணி வறுமையை அளக்கலாம் என்றார். எளிமையான யோசனை. அதன் பின்னால், எதை எண்ணினால் உண்மை தெரியும் என்று பல காலம் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்த ஒரு பொருளாதார நிபுணரின் உழைப்பு இருக்கிறது.

நம் சமூகத்தையே எடுத்துக்கொள்வோம். 2019இல் நாட்டின் இடைநிலைக் குடும்ப வருமானம் 5,873 ரிங்கிட். இந்தியக் குடும்பங்களுக்கு 5,981. அதாவது நாட்டின் நடுப்புள்ளியைவிடக் கொஞ்சம் மேலே. இதைச் சொன்னால் செந்தூலில் இருக்கும் என் சித்தப்பாவுக்குக் கோபம் வருகிறது. அவர் பார்க்கும் பி.பி.ஆர். (ஏழைகளுக்கான அரசு வீடுகள்) அடுக்குமாடி வாழ்க்கை வேறு. எண்ணும் பொய்யில்லை, சித்தப்பாவும் பொய் சொல்லவில்லை. நம்மவர்கள் பெரும்பாலும் நகரத்தில் இருக்கிறோம். நகரத்தில் சம்பளமும் கூடுதல், வாடகையும் கூடுதல். சமூகத்துக்குள்ளேயே டாக்டர் வீட்டுக்கும் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் வீட்டுக்கும் இருக்கும் தூரத்தை இடைநிலை எண் காட்டாது. இதைப் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். மேடையில் "நம் சமூகம் பின்தங்கிவிட்டது" என்று பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். குடும்ப வருமான ஆய்வின் தரவைத் திறந்து, வட்டாரத்தையும் குடும்ப அளவையும் கழித்துவிட்டு எவ்வளவு மிஞ்சுகிறது என்று காட்டக்கூடிய தமிழர்கள் ரொம்பக் குறைவு. நீங்கள் அதில் ஒருவராக வரவேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, கணிதம். இதில் பலர் வழுக்குகிறார்கள். இளங்கலையில் தேவைக்கோடும் அளிப்புக்கோடும் வரைந்து தேர்ச்சி பெற்றுவிடலாம். மாஸ்டர்ஸில் முதல் வாரமே, கட்டுப்பாட்டுக்குள் உச்சம் காண உதவும் லக்ராஞ்ச் பெருக்கி வந்துவிடும், இரண்டாவது மாதம் அணிகளை வைத்து மதிப்பீடு செய்யச் சொல்வார்கள். என்னோடு சேர்ந்தவர்களில் முதல் செமஸ்டரிலேயே விலகியவர்கள் யாரும் மந்தமானவர்கள் அல்ல. எஸ்பிஎம் கூடுதல் கணிதத்தோடு நிறுத்தியவர்கள், அவ்வளவுதான். 3.18 இடம் வாங்கித் தரும். பொதுவாகப் பாடவழி மாஸ்டர்ஸுக்கு அடிப்படைத் தகுதி 2.50, நல்ல துறைகள் அதற்கு மேல் கேட்கும். உள்ளே போனபின் கைகொடுப்பது கணிதம்தான்.

அதனால் சேர்வதற்கு முன் நான்கு மாதம், தினம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பகுதி வகைக்கெழு, கட்டுப்பாட்டுக்குள் உச்சம் காண்பது, அணிகள், நிகழ்தகவில் நிபந்தனைச் சராசரி. இந்த நான்கும் கைக்கு வந்துவிட்டால் பயம் போய்விடும். எம்ஐடி பல்கலைக்கழகத்தின் நேரியல் இயற்கணித வகுப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கூடவே ஆர் மென்பொருளையும் கற்றுக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான். வகுப்பில் ஸ்டேட்டாவோ ஈவியூஸோ என்ற வேறு புள்ளியியல் மென்பொருளைக் கற்றுத் தரக்கூடும். ஒன்று தெரிந்தால் மற்றது சீக்கிரம் வந்துவிடும்.

இவ்வளவு கணிதம் எதற்கு என்று தோன்றும். உங்கள் பிரிவிலேயே பதில் இருக்கிறது. 2021இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது வேலையில் இருந்த மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். விலை ஏறியது, கொடுத்த ஆர்டரும் ஏறியது. அந்த வருடத்து விலையையும் அளவையும் எக்செலில் போட்டு ஒரு கோடு இழுத்தால், விலை ஏற ஏற ஆட்கள் கூடுதலாக வாங்குகிறார்கள் என்று வரும். அப்படி யாரும் வாங்குவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க ஓடியதால் விலை ஏறியது. விலை அளவை நகர்த்துகிறது, அளவும் விலையை நகர்த்துகிறது. இரண்டையும் பிரிக்க, வாங்குபவரின் தேவையைத் தொடாமல் விலையை மட்டும் அசைத்த ஏதோ ஒன்று வேண்டும். எங்கோ ஓர் ஆலை தீப்பிடித்து நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே யாருக்கும் தேவை மாறவில்லை, ஆனால் விலை ஏறும். அப்போது வாங்கிய அளவு எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால்தான் உண்மையான பதில் கிடைக்கும். தரவை வைத்துப் பொருளாதார உறவுகளை அளக்கும் எகோனோமெட்ரிக்ஸ் என்ற பாடத்தின் பாதி இந்த ஒரு யோசனைதான். கணிதம் அதைத் துல்லியமாகச் சொல்வதற்கான மொழி.

பாடவழியா ஆய்வுவழியா என்ற கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். முதல் மாஸ்டர்ஸ் என்றால் பாடவழியிலோ கலப்புவழியிலோ போங்கள். பாடங்களோடு ஒரு ஆய்வேடும் இருக்கும் கலப்புவழி கிடைத்தால் அதுதான் நல்லது. ஆய்வுவழி மாஸ்டர்ஸில் வகுப்பு ரொம்பக் குறைவு. மைக்ரோ, மேக்ரோ, எகோனோமெட்ரிக்ஸ் மூன்றையும் உட்கார்ந்து பரீட்சை எழுதிப் படிக்காதவர் நேராக ஆய்வேட்டில் இறங்கினால், தெரிந்த ஒரே கருவியை வைத்துக்கொண்டு அதற்கேற்ற கேள்வியைத் தேட வேண்டிவரும்.

அப்படித் தேடியதன் விளைவை நம் நூலகங்களில் அடுக்கடுக்காகப் பார்க்கலாம். "மலேசியாவில் நேரடி அந்நிய முதலீடும் பொருளாதார வளர்ச்சியும்" என்ற வகைத் தலைப்பு. வருடத்துக்கு ஒரு எண் வீதம் முப்பது, நாற்பது எண்கள். அதை ஏஆர்டிஎல் என்ற காலத்தொடர்ப் புள்ளியியல் முறையில் ஓட்டி, நீண்டகால உறவு உண்டு என்று முடிப்பார்கள். அந்த முறை நல்ல முறைதான். ஆனால் அந்த நாற்பது வருடத்தில் 1998 செப்டம்பரில் ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டிப் போட்டார்கள், 2005 ஜூலையில் அவிழ்த்தார்கள். 2015இல் ஜிஎஸ்டி வந்தது, 2018இல் போனது. இவ்வளவையும் ஒரே சமன்பாட்டுக்குள் அடைத்துவிட்டு, முதலீடு ஒரு விழுக்காடு கூடினால் வளர்ச்சி இவ்வளவு கூடும் என்று சொன்னால் யாருக்கும் புதிதாக எதுவும் தெரிவதில்லை. தயவுசெய்து இந்தத் தலைப்பை எடுக்காதீர்கள்.

குறைந்தபட்சச் சம்பளத்தைப் பாருங்கள். மேற்கு மலேசியாவில் 2013இல் 900 ரிங்கிட்டில் தொடங்கியது. 2020 பிப்ரவரி 1 முதல் மாநகர, நகராண்மைக் கழகப் பகுதிகளில் 1,200, மற்ற இடங்களில் 1,100 என்று பிரித்தார்கள். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கடை, அந்தப் பக்கம் ஒரு கடை, சம்பளச் சட்டம் மட்டும் வேறு. ஆய்வு செய்பவருக்கு இதைவிட நல்ல சூழல் அமையாது. 1990களில் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அமெரிக்காவில் நியூஜெர்சி, பென்சில்வேனியா துரித உணவகங்களை ஒப்பிட்டு, சம்பளம் ஏறினால் வேலை குறையும் என்ற நம்பிக்கையை ஆட்டிவைத்தது இந்த மாதிரி ஓர் எல்லையில்தான். 2021இல் பொருளாதார நோபல் பரிசின் பாதி கார்டுக்குப் போனது. ஆனால் இங்கே ஆறே வாரத்தில், மார்ச் 18இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கடைகளெல்லாம் மூடின. வேலை போனதற்குச் சம்பளம் காரணமா கோவிட் காரணமா என்று பிரிக்க முடியாமல் போயிற்று.

அப்புறம் 2022 மே 1இல் 1,500 ஆனது, ஐந்துக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள முதலாளிகளுக்கு மட்டும் அவகாசம் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் 1,700 ஆனபோதும் அதே மாதிரி, சின்ன முதலாளிகளுக்கு ஆகஸ்டு வரை. நான்கு பேர் வேலை செய்யும் கடையும் ஆறு பேர் வேலை செய்யும் கடையும் அந்த ஆறு மாதம் என்ன செய்தன? ஆறு பேர் இருந்த கடை நான்காகச் சுருங்கியதா? பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தெரு முழுக்க அந்த அளவுக் கடைகள்தான். ஒரு மாஸ்டர்ஸ் ஆய்வேட்டுக்கு இந்தக் கேள்வி தாராளமாகப் போதும்.

தரவு கிடைக்குமா என்றால், முன்பைவிட நன்றாகவே கிடைக்கிறது. புள்ளிவிவரத் துறை 2022இல் ஓபன்டோஸ்ம் தளத்தைத் திறந்தபின், விலை, வேலை, வருமானம் பற்றிய அட்டவணைகளை யாரும் எடுக்கலாம். தனிக் குடும்ப அளவிலான தரவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், நேரம் பிடிக்கும், அதனால் முதல் செமஸ்டரிலேயே கடிதம் போட்டுவிடுங்கள். பலருக்குத் தெரியாத இன்னொன்று, மலேசியக் குடும்ப வாழ்க்கை ஆய்வு. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 1976–77இலும் 1988–89இலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் பெண்களைக் கேட்டு எழுதியது. திருமணம், பிள்ளைப்பேறு, வேலை, வருமானம் எல்லாம் அதில் இருக்கிறது. நம் பாட்டிமார் காலம். நான் முதன்முதலில் அந்தக் கோப்பைத் திறந்து, இந்தியக் குடும்பங்களை மட்டும் பிரித்துப் பார்த்த இரவு தூங்கவில்லை.

இப்போது மேற்பார்வையாளர். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இது முக்கியம் என்று அனுபவித்துச் சொல்கிறேன். நான் படித்த இடத்தில், ஆய்வேடு பாதியில் இருக்கும்போது என் மேற்பார்வையாளர் நீண்ட விடுப்பில் போய்விட்டார். பதிலுக்கு வந்தவர் நிதித்துறைக்காரர், நல்ல மனிதர், என் தலைப்பு அவருக்குத் தெரியாது. எட்டு மாதம் வீணானது, ஒரு செமஸ்டர் கட்டணம் கூடுதலாகக் கட்டினேன். விண்ணப்பிக்கும் முன்பே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் கேளுங்கள்: அடுத்த இரண்டு வருடம் இங்கே இருப்பீர்களா, இப்போது எத்தனை மாணவர்கள், கடைசியாக முடித்தவர் எவ்வளவு காலம் எடுத்தார். அவரிடம் இப்போது படிக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்துத் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கோலாலம்பூரைச் சுற்றி மலாயாப் பல்கலைக்கழகம், பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம், கோம்பாக்கில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் இருக்கின்றன. நான்கிலும் பொருளாதாரத்துக்கு நல்ல பாரம்பரியம் உண்டு. வேளாண்மை, வளங்கள் பக்கம் ஆர்வம் என்றால் செர்டாங், இஸ்லாமிய நிதி என்றால் கோம்பாக். சன்வேயிலும் செமினியேயிலும் உள்ள வெளிநாட்டுக் கிளைகளில் கட்டணம் பல மடங்கு. உதவித்தொகை இல்லாமல் அங்கே போக நான் சொல்லமாட்டேன்.

உங்களுக்குப் பினாங்கிலேயே யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இருக்கிறது. அங்கே பொருளாதாரம் சமூக அறிவியல் பள்ளிக்குள் இருப்பதால், சமூகவியல் ஆட்களோடும் பழகலாம். உங்கள் கேள்வி உங்கள் தொழிற்சாலையைச் சுற்றியதாக இருந்தால் அதன் மின்டன் வளாகத்தை விட்டு எங்கும் போக வேண்டாம் என்பேன். 1969இல் பினாங்கு தீவு அதன் வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது, வேலையில்லாமல் தவித்தது, 1972இல் பாயான் லெப்பாஸ் வர்த்தக வலயம் வந்தது, அதே வருடம் இன்டெல் வந்தது. ஐம்பது வருடம் கழித்தும், உள்ளூர் நிறுவனங்கள் எவ்வளவு கற்றுக்கொண்டன, சம்பளம் ஏன் அதற்கேற்ப ஏறவில்லை என்ற கேள்வி தீரவில்லை. பேராசிரியர் ராஜா ராசையா இந்தத் துறையைப் பல காலமாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார், அவருடைய கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். கொள்முதல் பிரிவில் இருப்பவருக்கு, எந்தப் பாகம் உள்ளூரில் வாங்கப்படுகிறது, எது வெளியிலிருந்து வருகிறது என்று தெரியும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு அது லேசில் கிடைக்காது. நிறுவனத்தின் தரவை அனுமதியில்லாமல் தொடாதீர்கள், ஆனால் அந்தப் புரிதல் உங்களுடையது.

பணம். வேலையை விடாமல் பகுதிநேரமாகப் படிக்கலாம், காலம் இரண்டு மடங்கு ஆகும், உடம்பும் களைக்கும். ஈபிஎப்பில் (ஊழியர் சேமநிதி) அக்காவுன் செஜாத்திரா என்ற கணக்கிலிருந்து படிப்புக்குப் பணம் எடுக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,500 ரிங்கிட் சம்பளத்தில் உங்கள் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் 840. அதில் 15 விழுக்காடு, அதாவது 126 ரிங்கிட், அந்தக் கணக்குக்குப் போகும். இரண்டு வருடத்தில் மூவாயிரத்துச் சொச்சம். பொதுப் பல்கலைக்கழகத்தில் தொடக்கக் கட்டணத்துக்கு உதவும், முழுப் படிப்புக்குப் போதாது. வருமான வரியில், மாஸ்டர்ஸ் எந்தத் துறையானாலும் சொந்தப் படிப்புக்கு வருடம் 7,000 ரிங்கிட் வரை கழித்துக்கொள்ளலாம், ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். ஆய்வு மானியம் வைத்திருக்கும் விரிவுரையாளரிடம் ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்தால் பணமும் வரும் பயிற்சியும் வரும்.

வேலை விஷயத்தில் உங்கள் வீட்டாருக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள். பட்டம் வாங்கிய மறுமாதம் சம்பளம் தாவாது. பேங்க் நெகாரா, பொருளாதார அமைச்சு, புள்ளிவிவரத் துறை, கசானா ஆய்வு நிலையம், பினாங்கு நிலையம், வங்கிகளின் ஆய்வுப் பிரிவு போன்ற இடங்களில் கதவு திறக்கும். உள்ளே போக, நீங்களே எழுதிய ஒரு நல்ல ஆய்வேடும் தரவைக் கையாளும் திறமையும் காட்ட வேண்டும். விரிவுரையாளர் ஆக முனைவர் பட்டம் தேவைப்படும். அமெரிக்காவில் அதற்கு ஐந்தாறு வருடம் ஆகும், நல்ல துறைகள் கட்டணத்தை நீக்கி உதவித்தொகையும் தருகின்றன. அந்த ஆசை இருந்தால் மாஸ்டர்ஸில் கணிதப் பாடங்களில் ஏ வாங்குங்கள், அவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இந்த மாதம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டு மேற்பார்வையாளர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, ஒரு பக்கத்துக்குள் மின்னஞ்சல் எழுதுங்கள். உங்கள் கேள்வி என்ன, எந்தத் தரவில் தேடுவீர்கள், அவர் கட்டுரையில் எந்த இடம் உங்களை அங்கே கொண்டுவந்தது, இவ்வளவு போதும். "மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு ஆய்வில் மிகுந்த ஆர்வம்" என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்கு வாரம் பத்து வருகின்றன, கேள்வியோடு வருவது எப்போதாவது ஒன்று. பரீட்சைத்தாள் திருத்தும் நேரமாக இருந்தால் பதில் தாமதமாகும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை எழுதுங்கள், அதில் யாரும் கோபப்படுவதில்லை. அனுப்பும் முன் அந்த ஒரு பக்கத்தை என்னிடம் காட்ட நினைத்தால் காட்டுங்கள், கட்டாயம் படித்துவிட்டுச் சொல்கிறேன்.